நிற்க நிற்க வரும் வலி

பதினேழாம் நம்பர் பஸ்ஸில் அவளுக்கு "ரெண்டு மணி" என்று பெயர். கண்டக்டர் வேலை. வண்டியை நிறுத்த ஒரு மணி, கிளப்ப இரண்டு மணி. அவள் இழுக்கும் அந்த இரண்டு மணி அடுத்த நிறுத்தம் வரைக்கும் கேட்கும் என்று டிரைவர் கேலி செய்வார். வாயும் அப்படித்தான். கூட்டம் படியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால், "உள்ள போங்கய்யா, பின்சீட்டும் நம்மகூடவேதான் வருது, விட்டுட்டுப் போயிட மாட்டோம்" என்பாள். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்கள்.

இந்த வாயெல்லாம் பகல் பன்னிரண்டு வரைக்கும்தான். அதற்கு மேல் அவள் பேச்சு குறைந்துகொண்டே வரும். மூன்று மணிக்குக் கம்பியில் முதுகைச் சாய்த்து, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நிற்பாள். நனைந்த துணி மூட்டையை அடிவயிற்றுக்குள் கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரு கனம். குத்தல் இல்லை, பிடுங்கல் இல்லை. இழுவை, அவ்வளவுதான். வண்டி குழியில் இறங்கி ஏறும்போது மூட்டையும் கூடவே இறங்கி ஏறும்.

மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு ஆரம்பித்தது. ஆறு வருஷமாகிவிட்டது. காலையில் எழுந்தால் ஒன்றும் இருக்காது. விடுமுறை நாளில் மதியம் கொஞ்சம் படுத்தால் போய்விடும். வில்லங்கமே அங்கேதான். கணவனின் அக்கா அதே வீட்டு மாடியில் இருந்தாள். நல்ல மனசுக்காரி, ஆனால் நாக்கில் எதுவும் நிற்காது.

"லீவு நாள்ல மட்டும் வராத வலி என்னடி வலி? எனக்கும் அப்படி ஒண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்."

டிப்போ அதிகாரி சுற்றி வளைக்காமல் கேட்டார். "ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கும்மா லீவு?"

உண்மைதான். மூன்று ஸ்கேன் எடுத்தாயிற்று, மூன்றிலும் ஒன்றுமில்லை. ஒரு டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். இன்னொருவர் குடல் என்றார். மூன்றாமவர் கணினியைப் பார்த்தபடியே, "வீட்டுல ஏதாவது மனக்கஷ்டமா?" என்று கேட்டார். "இல்லை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள், மருந்தகத்தின் முன்னால் நின்று, நிஜமாகவே இல்லையா என்று யோசித்தாள்.

இருந்தது. இரண்டு இருந்தது. முதலாவது, அவளுடைய சொந்த அக்கா. அக்காவுக்கும் வயிற்று வலி என்றுதான் தொடங்கியது. வாயு என்றார்கள். கடைசியில் சினைப்பையில் புற்றுநோய் என்று தெரிந்தபோது கையை மீறிப் போயிருந்தது. நாற்பத்தொன்றில் போய்விட்டாள். இவளுக்கு இப்போது முப்பத்தெட்டு. மூன்று வருஷம் என்று மனசு தானாகக் கணக்குப் போடும். ஒவ்வொரு ஸ்கேனிலும் "ஒன்றுமில்லை" என்று வரும்போது நிம்மதி வராது. அக்காவுக்கும் முதலில் அப்படித்தானே சொன்னார்கள் என்றுதான் தோன்றும்.

இரண்டாவதைச் சொல்ல வாய் வராது. கணவனோடு சேர்ந்திருந்தால் மறுநாள் முழுக்க அந்த மூட்டை காலையிலிருந்தே கனக்கும். அதனால் அவள் சாக்குச் சொல்லத் தொடங்கினாள். தலைவலி, அசதி, பிள்ளை இன்னும் தூங்கவில்லை. அவர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். பேச்சு கம்மி. ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலேயே மெல்ல மெல்லத் தள்ளிப் போனார். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், சாவி எங்க, ஆணியில இருக்கு. வீட்டில் பேச்சு இந்த அளவுக்கு வந்து நின்றது.

ஒருநாள் பிற்பகல் மார்க்கெட் நிறுத்தம் தாண்டியதும் அவளால் முடியவில்லை. பஸ் நிறைய ஆட்கள். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள். யாரோ சீறினார்கள். "கண்டக்டரே வழியில உக்காந்தா நாங்க எங்க இறங்குறது?" கண்ணாடியில் பார்த்த டிரைவர் வண்டியை ஓரங்கட்டி எழுந்து வந்தார். இருபத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவர். பெண்களின் உடம்பு சமாசாரம் என்றால் காது சிவந்துவிடும்.

"என்ன தங்கச்சி?"

"ஒண்ணுமில்லண்ணே. வண்டிய எடுங்க."

"ஒண்ணுமில்லன்னு ஒரு வருஷமா நீயும் சொல்லிட்டிருக்க, நானும் கேட்டுட்டிருக்கேன். போதும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. டிப்போவுல நான் பேசிக்கிறேன்."

பெரிய ஆஸ்பத்திரியில் மகளிர் மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பிள்ளை பெற்று முடித்தாயிற்று, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இரண்டு வாரத்தில் தேதி தருகிறேன் என்றார். கணவனின் அக்காவுக்கு ஏகத் திருப்தி. "எடுத்துத் தூக்கிப் போடு. அதோட விட்டது சனியன்." இவளும் தலையாட்டினாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் வேறு நினைப்பு வந்தது. திறந்து பார்க்கும்போது உள்ளே அக்காவுக்கு இருந்தது இருந்தால்?

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்னால் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். திரை மறைத்த சின்ன அறை. கண்ணாடி போட்ட ஒரு பெண் டாக்டர், முப்பதுகூட இருக்காது. தொடையின் உட்பக்கத்தில், மேலே, நீலமாகச் சுருண்டு கிடந்த ரத்தக்குழாய்களைப் பார்த்து நிறுத்தினாள்.

"இது எப்போலேருந்து?"

"கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம். நின்னு நின்னு வேலை பாக்குறேன்ல, அதனாலன்னு நினைச்சேன்."

"கால்ல வர்ற நரம்புச் சுருட்டு வழக்கமா இந்த இடத்துல வராது. வலி எப்போ அதிகம்? சாயங்காலமா?"

"நிக்க நிக்க. படுத்தா போயிடும்."

டாக்டர் பேனாவை வைத்தாள். குரலைத் தாழ்த்தி, "வீட்டுக்காரரோட இருந்த பிறகு?" என்று கேட்டாள்.

ஆறு வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அவள் சுவரைப் பார்த்தபடி, "மறுநாள் பூரா" என்றாள்.

"இதுவரைக்கும் ஸ்கேன் எல்லாம் படுக்க வச்சுத்தானே எடுத்தாங்க?"

"ஆமா. வேற எப்படி எடுப்பாங்க?"

அன்றைக்கே ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். இந்தத் தடவை நிற்க வைத்து. குளிர்ந்த பசையைத் தடவி, மூச்சை அடக்கி முக்கச் சொன்னார்கள். திரையில் நீலமாக இருந்த ஓட்டம் அவள் முக்கியதும் பளிச்சென்று சிவப்பானது. ஸ்கேன் எடுத்தவர் மறுபடி முக்கச் சொன்னார். மறுபடி சிவப்பு. சிவப்பு என்றால் கெட்டதுதானே?

"சொல்லிடுங்க டாக்டர். எங்க அக்காவுக்கு வந்ததுதானா?"

டாக்டர் அக்காவைப் பற்றி முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகுதான் பதில் சொன்னாள். "சினைப்பையில கட்டி எதுவும் தெரியல. ரத்தப் பரிசோதனையும் பண்ணிடலாம். குடும்பத்துல இருந்ததால வருஷா வருஷம் பாக்கணும், அது தனி. உங்க வலி இதுலேருந்து வருது." திரையைத் தொட்டாள். "சினைப்பையிலேருந்து ரத்தம் மேல போகணும். வழியில கதவு மாதிரி சின்னச் சின்ன வால்வு இருக்கு. பிரசவத்துல இந்த இடப்பக்கக் குழாய் விரிஞ்சுபோய், வால்வு மூடாமப் போச்சு. நீங்க நிக்கும்போது ரத்தம் கீழயே திரும்பி வந்து இடுப்புக்குள்ள தேங்குது. படுத்தா வடிஞ்சிடுது. அதான் மத்த ஸ்கேன்ல பிடிபடல."

"கர்ப்பப்பைய எடுத்தா?"

"குழாய் அப்படியேதான் இருக்கும். வலி போகும்னு என்னால சொல்ல முடியாது. இந்தக் குழாயை மட்டும் உள்ளேருந்து அடைக்கலாம். கழுத்து வழியா ஒரு மெல்லிய டியூப் விட்டு."

வீட்டில் இதைச் சொன்னதும் மாடியிலிருந்து இறங்கிவந்தாள் கணவனின் அக்கா. "வயித்து வலிக்குக் கழுத்துல ஊசியா? யாராவது கேட்டா சிரிப்பாங்கடி. குறிச்ச தேதியில போய் எடுத்துட்டு வா."

அன்று சாயங்காலம் அவள் பட்டறைக்குப் போனாள். கணவர் பிரித்துப் போட்ட பம்பு மோட்டாரின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஏன் சாக்குச் சொன்னாள் என்பதையும் சொன்னாள்.

அவர் கையிலிருந்த செம்புக் கம்பியைக் கீழே வைத்தார்.

"என்னைப் பிடிக்காமப் போச்சுன்னுல்ல நினைச்சேன்," என்றார்.

"வாயத் திறந்து கேட்டிருக்கலாம்ல?"

"நீ சொல்லியிருக்கலாம்ல?"

அவர் கம்பியை மறுபடி கையில் எடுத்தார். அதை விரலில் சுற்றியபடியே, "அடைக்கிறதுன்னா எத வச்சு அடைப்பாங்க?" என்றார்.

"காயிலாம். மெல்லிசா, பிளாட்டினத்துல."

அவர் முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு சிரிப்பு வந்தது. "காயிலா? எத்தனை சுத்து?"

"போய் நீங்களே கேளுங்க."

நிஜமாகவே கேட்டார். அடைக்கப்போகிற கதிரியல் பிரிவு டாக்டர், தலை நரைத்தவர், ஒரு காயிலைக் கையில் கொடுத்தே காட்டினார். அதோடு மறைக்காமல் இதையும் சொன்னார். "பெரும்பாலானவங்களுக்கு வலி நல்லாக் குறையும். சிலருக்குக் குறையாது. ரொம்ப அபூர்வமா காயில் நழுவி நுரையீரல் பக்கம் போகலாம். போனாலும் எடுக்க வழி இருக்கு." நுரையீரல் என்ற அந்தப் பேச்சு சிகிச்சை நாள் வரைக்கும் பதினோரு நாள் அவளை ஆட்டிப் படைத்தது. டிக்கெட் கிழிக்கும்போது நுரையீரல், பிள்ளைக்குத் தலை வாரும்போது நுரையீரல். இதற்கு நடுவே கர்ப்பப்பை ஆபரேஷனை, அதற்கு முந்தின நாள் அவளே போன் போட்டு ரத்து செய்தாள். வைத்த கையோடு, தப்புப் பண்ணிவிட்டோமோ என்று மறுபடி போனை எடுத்து, மறுபடி வைத்தாள்.

சிகிச்சை நாளில் அவளைத் தூங்க வைக்கவில்லை. கழுத்தின் வலப்பக்கத்தை மரத்துப்போகச் செய்தார்கள். ஏதோ அழுத்துவது தெரிந்தது, வலிக்கவில்லை. நெஞ்சு ஒருதரம் துள்ளியது. உள்ளே விட்ட டியூப் இதயத்தைத் தாண்டும்போது அப்படி இருக்கும் என்றார்கள். அவள் மனசுக்குள் பிள்ளைகளின் பிறந்த தேதிகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

"இப்ப குழாய் திரையில தெரியறதுக்கு மருந்து விடுறோம், உள்ள சூடா இருக்கும். திரையைப் பாருங்க. நல்லா முக்குங்க."

முக்கினாள். கறுப்பு மருந்து ஒரு தடித்த கோடாக இறங்கியது. மேலே போக வேண்டியது கீழே, கீழே, இடுப்புக்குள் இறங்கிக் கொடிபோலச் சிக்கிப் பரவி அங்கேயே நின்றது. ஆறு வருஷமாகச் சுமந்த மூட்டை அது. கண்ணீர் அவள் கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது.

"வலிக்குதாம்மா?" நர்ஸ் பதறினாள்.

"இல்ல. அது அங்க இருக்குல்ல? எல்லாரும் பாத்தீங்கல்ல?"

"பாத்தோம்மா. நல்லாவே இருக்கு," என்றார் டாக்டர்.

குழாயை அடைக்கும் நுரை மருந்தைச் செலுத்தி, காயில்களையும் வைத்துவிட்டு மறுபடி மருந்து விட்டபோது கோடு பாதி வழியில் நின்றுபோனது. மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. இடுப்பு முன்பைவிட அதிகமாக வலித்தது. இருமினால்கூடக் காயில் நழுவிவிட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கணவனின் அக்கா கஞ்சியோடு வந்து நின்றாள். வழக்கமாகச் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தவள், தம்பி முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். அடைத்த குழாய் சுருங்கும்போது சில நாள் இப்படி இருக்கும், காய்ச்சல் கூடினால் உடனே வாங்க என்றார்கள். கூடவில்லை. ஒரு வாரத்தில் அடங்கியது.

பிறகு பஸ். முதல் நாள் பன்னிரண்டு மணி ஆனதும் அவள் கை தானாகவே வயிற்றுக்குப் போனது. ஒன்றுமில்லை. மூன்று மணி. லேசாக ஏதோ. வரப்போகிறது, வரப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் காத்திருப்பே களைப்பாக்கியது. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். அவள் வலி இல்லை என்று தலையசைத்தாள். அவர் காது சிவந்தது.

ஆறு மாதத்தில் முக்கால்வாசி போனது. மாதவிலக்குக்கு முந்தின இரண்டு நாள் இன்னும் கொஞ்சம் இழுக்கும். வலப்பக்கக் குழாயிலும் சின்னக் கசிவு இருக்கிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை சினைப்பைப் பரிசோதனை. அதற்கு முந்தின வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்காது. அந்தப் பயத்தை எந்தக் காயிலாலும் அடைக்க முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பிள்ளைகள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். கணவர் டம்ளரோடு வந்து வாசற்படியில் நின்றார். இரண்டு தடவை தொண்டையைச் செருமினார்.

"எப்படி இருக்கு?"

"எது?"

"அதான்... இன்னிக்கு."

அவள் தண்ணீரை நிறுத்தினாள். வயிற்றைக் கவனித்தாள். அவசரப்படாமல் கவனித்தாள்.

"ஒண்ணுமில்ல," என்றாள். தன் குரலைத் தானே நம்பாதவள் மாதிரி இன்னொரு தரமும் சொன்னாள். "நிஜமாவே ஒண்ணுமில்லங்க."

அவர் டம்ளரை அவளிடம் நீட்டினார். காலி டம்ளர் அது. கழுவப் போட எடுத்துவந்ததை மறந்து, காப்பி கொடுப்பதுபோல நீட்டிக்கொண்டிருந்தார்.