திருமூர்த்தி அண்ணனும் எழுபத்து நாலாம் மாடல் பென்ஸும்

கருமத்தம்பட்டிப் பக்கம் ஒரு பழைய பென்ஸ் கார் பிரேக் பிடிக்காமல் நூல் லாரிக்கு அடியில் போய்விட்டதாம். சிங்கப்பூரில் என்னோடு வேலை பார்க்கும் உம்மல் குல்சும்தான் இதைச் சொன்னாள். அவளுக்கு கோவை கோட்டைமேட்டிலிருந்து அவள் தம்பி போனில் சொல்லியிருக்கிறான். காருக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருக்கும் அந்தத் தம்பிக்கு ஒரு டயர் கடைக்காரர் சொன்னாராம். டயர் கடைக்காரர் நேரில் பார்த்தாரா என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுக்கா. வெள்ளை வண்டியாம். உங்க ஊர்ப் பக்கமாச்சேன்னு சொன்னேன்."

சோமனூர், கருமத்தம்பட்டி வட்டாரத்தில் வெள்ளை நிறத்தில் பழைய பென்ஸ் ஒன்றுதான் உண்டு. அது என் அண்ணன் திருமூர்த்தியுடையது. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு ஊருக்குப் போன் போட்டேன். அண்ணனே எடுத்தார். அவர் குரலுக்குப் பின்னால் தறிகள் ஓடும் சத்தம் கேட்டது.

"லாரிக்கு அடியிலயெல்லாம் போகல அம்மணி. பக்கத்துல போய் நின்னுச்சு. அடியில போயிருந்தா இப்ப உங்கூட ஆரு பேசறது?"

"எவ்வளவு பக்கத்துலங்ணா?"

"பக்கம்னா பக்கந்தான். லாரிக்காரன் எறங்கி வந்தான். சண்டைக்கு வர்றானாட்ட இருக்குதுன்னு பாத்தா, பென்ஸுங்களா, ஒரு சுத்து சுத்திப் பாத்துக்கறனுங்கன்னான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சேன்."

முன்பக்கம் இடது சக்கரத்தில் பிரேக் பேடு தேய்ந்துபோயிருந்தது. மிதித்தால் வலது சக்கரம் மட்டும் பிடிக்கிறது, வண்டி அந்தப் பக்கமாக இழுக்கிறது. பேடு மாற்றும்வரை யாரையும் ஏற்றிக்கொண்டு போகக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கினேன். இங்கேயே புதிது வாங்கி அனுப்புவதாகவும் சொன்னேன்.

"விஜயதசமிக்கு ராஜுலு நாயுடுவக் குன்னூர் கூட்டிட்டுப் போவோணும். அதுக்குள்ள அனுப்பிப்போடு" என்றார். அந்த வண்டியை அண்ணனுக்கு விற்றவர்தான் நாயுடு.

குன்னூர் மலைமேல் இருக்கிற ஊர். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறுவதும் இறங்குவதும் பிரேக்கை நம்பித்தான். அண்ணன் பத்திரமாகப் போய்த் திரும்புவாரா என்ற ஒன்றைத் தவிர அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

அண்ணன் பத்தாவதோடு படிப்பை நிறுத்தி அப்பாவின் தறிக் கொட்டகைக்கு வந்தவர். என்னைத்தான் கோயமுத்தூருக்கு பஸ் ஏற்றி இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினார்கள். அவருக்கு அதில் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. தறியில் பாவு நூல் தீர்ந்தால் பாவு, நூல் அறுந்தால் நூல், மின்சாரம் போனால் வெற்றிலை என்று அவர் பாட்டுக்கு நாள் ஓடியது. தொண்ணூற்றொன்றில் பீளமேட்டில் மில் வைத்திருந்த சுந்தரராஜுலு நாயுடு வீட்டில் பாகம் பிரித்தார்கள். பழைய தறிச் சாமான் ஏலத்துக்கு வருகிறது என்று போன அண்ணன், தறிச் சாமானை விட்டுவிட்டு டீசல் பென்ஸை வாங்கிக்கொண்டு வந்தார். வாங்கினார் என்பதைவிட இழுத்துக்கொண்டு வந்தார் என்பது சரி. டிராக்டரில் கயிறு கட்டி அவினாசி ரோடு நெடுக இழுத்து வந்தார்கள்.

அண்ணன் மனைவி நாச்சியம்மாளை நாங்கள் நங்கை என்று கூப்பிடுவோம். அன்றைக்கு வாசலில் நின்று நங்கை சொன்னதை ஊரில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"தறி வாங்கப் போன மனுசன் தேரை இழுத்துட்டு வந்துட்டாரு. வடம் புடிக்க ஆருனா இருந்தா வாங்க."

தேருக்குக்கூட வருஷத்தில் ஒரு தடவைதான் வேலை. இதற்கு நித்தமும் இருந்தது. மார்கழிக் குளிரில் கிளம்பாது. சூடேற்றும் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்ட வேண்டும். பின்பக்க ஜன்னல் கண்ணாடி இறங்கினால் ஏறாது. கதவு ரப்பர் உதிர்ந்த இடத்தில் சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி ஒட்டினார். சீட்டுக்குத் தன் தறியில் நெய்த காடாத் துணியிலேயே உறை தைத்தார். அடியில் ஒரு புஷ் தேய்ந்து கடகடத்தபோது, தறியில் குறுக்கு நூலைக் கொண்டோடும் நாடா வந்து மோதும் இடத்தில் வைக்கும் தோல் துண்டை வெட்டி அடித்துவிட்டார் தறி ஃபிட்டர் கண்ணையா. அது ஒரு வருஷம் தாங்கியது. ஜெர்மன்காரன் போட்டது எத்தனை நாள் தாங்கியது என்று கண்ணையா கேட்டார். பதினேழு வருஷம் என்று அண்ணன் சொன்னதும், "அப்ப அவனுக்குத் தறி தெரியாது போலிருக்குதுங்க" என்றாராம். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

ரேடியேட்டருக்குப் போர்வெல் தண்ணீர் ஆகாது, உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். நெய்த துணியைக் கடைகளில் போடக் கோயமுத்தூர் போகும்போதெல்லாம் அண்ணன் இரண்டு கேனில் சிறுவாணித் தண்ணீர் பிடித்துவருவார். நங்கை அதில் ஒரு கேனை எடுத்துப் பருப்பு வேகவைத்துவிடுவார். ஒறம்பரை, விருந்தாளி யார் வந்தாலும், "சாப்புடுங்க, கார் குடிச்ச மிச்சந்தான், நல்ல தண்ணி" என்று உபசரிப்பார்.

முகூர்த்த மாதங்களில் வண்டி மாப்பிள்ளைகளுக்கு. சொந்தபந்தம் யார் கேட்டாலும் டீசல் மட்டும் போடச் சொல்லி அண்ணனே ஓட்டிப்போவார். கல்யாணக் கூட்டத்தில் எவனாவது ஒடித்துவிடுவான் என்று வண்டியின் மூக்கில் இருக்கும் பென்ஸ் நட்சத்திரத்தைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு தடவை அந்தியூரில் பின்கதவின் உள் கைப்பிடி கையோடு வந்துவிட்டது, வெளியிலிருந்தும் திறக்கவில்லை. வெளியே நாதஸ்வரம் முழங்க, மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்சீட்டைத் தாண்டி இறங்கினார். அந்தக் கைப்பிடிக்காக நான் இங்கே பழைய கார் உடைக்கும் இடங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்தேன். கிடைத்ததைத் துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். விமான நிலையத்தில் பிரித்துப் பார்த்த அதிகாரி, "எல்லாரும் தங்கம் கொண்டாருவாங்க" என்று சொல்லித் திருப்பித் தந்தார்.

ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதங்களில்தான் பெரிய ரிப்பேர்கள் நடக்கும். புரட்டாசியில் ஒரே ஒரு பயணம் உண்டு. விற்றபோது சுந்தரராஜுலு நாயுடு ஒன்று கேட்டிருந்தார். குன்னூரில் இருக்கும் மகள் மானசா வீட்டுக்கு விஜயதசமி அன்று அவரும் மனைவி பங்காரம்மாவும் போவார்கள். அதற்கு மட்டும் இந்த வண்டி வேண்டும். அண்ணன் ஒரு வருஷமும் தவறியதில்லை. வழியெல்லாம் நாயுடு முன்சீட்டில் உட்கார்ந்து, "ரெண்டாவது கியர்லயே எறக்கு, திருமூர்த்தி" என்பாராம். பின்னாலிருந்து பங்காரம்மா, "வித்தது கார மட்டுந்தான், வாய விக்கலை. நீங்க ஓட்டுங்க தம்பி" என்பாராம்.

பேடு வாங்கி, ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன். ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் போன் போட்டபோது தறிச் சத்தம் இல்லை.

"மாட்டியாச்சுங்ளாண்ணா?"

"ஆச்சு அம்மணி. கண்ணையாவும் நானும் காலைல இருந்து அதே வேலை. வலது பக்கம் முடிச்சு, இடது பக்கம் பேடையும் உள்ள தள்ளியாச்சு. சக்கரத்தத் தூக்கி வெக்கறப்ப உங்க நங்கை வந்து நின்னுக்கிட்டா. பொளுது எறங்குது, ஸ்பேனரக் குடுங்க, சாமி கும்புடோணும்னு."

"அப்பறம்?"

"அப்பறமென்ன, குடுத்துப்போட்டேன். அத்தனையும் மண்ணெண்ணெயில கழுவி, சந்தனம் பொட்டு வெச்சு அடுக்கிட்டா. ஸ்பேனரு, திருப்புளி, வீல் ஸ்பேனரு, ஜாக்கி."

"ஜாக்கியுமா?"

நங்கை பக்கத்திலேயே இருந்திருக்க வேண்டும். குரல் கேட்டது. "ஏன், ஜாக்கி ஆயுதமில்லையாக்கும்? வண்டியவே தூக்குது."

"பாத்தியா. சக்கரத்துப் போல்ட்ட அப்படியே கையில திருகி வெச்சு, ஜாக்கிய எறக்கிக் குடுத்துட்டேன். வீல் கப்பையும் தட்டி மாட்டியாச்சு. பூசைக்கு வண்டி மொட்டையா நிக்கக்கூடாதல்ல. நட்சத்திரத்த மாட்டி, மாலை போட்டு, எலுமிச்சங்காய் மேல ஒரு சாண் ஏத்தி எறக்கியாச்சு. மாப்பளையாட்ட நிக்குது."

நான் சிரித்தேன். நாளைக்கு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன்.

"விடிஞ்சதும் கெளம்பீருவேன். பீளமேட்டுல அவங்கள ஏத்திக்கிட்டு, வெயிலுக்கு முன்னால மலை ஏறிரோணும்."

நங்கை ரிசீவரை வாங்கினார். "உங்கண்ணன் போலாம். தறி ஓட்டக்கூடாது, ஆயுதத்தத் தொடக்கூடாது. ஒம்பது மணிக்கு மேல நல்ல நேரம், அப்பத்தான் மறுபூசை."

"கார் மட்டும் ஓட்டலாமுங்ளா நங்கை?"

"அதுதான் எலுமிச்சங்காய் நசுக்கியாச்சே. அதுக்கு எல்லாம் முடிஞ்சுது."

பிரேக் சரியாகிவிட்டது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை எங்களுக்கு அரைநாள் வேலை. உம்மல் குல்சும் வந்து உட்கார்ந்ததும், "உங்கண்ணன் பிரேக் மாத்திட்டாராக்கா?" என்று கேட்டாள். நான் நங்கை ஜாக்கிக்குப் பொட்டு வைத்ததிலிருந்து கதையாகச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்ப சக்கரத்த ஆரு டைட் வெச்சாங்க?" என்றாள்.

"கையில..." என்று ஆரம்பித்தேன்.

"கையில திருகுனது நிக்கும், ஓடாதுக்கா. ஸ்பேனர் போட்டு, மேல ஏறி மிதிச்சு முடுக்கோணும். தம்பி கடை வாசல்ல தெனம் பாக்கறதுதானே."

எங்களுக்கு மணி ஒன்பதரை. ஊரில் ஏழு. அண்ணன் கிளம்புவதற்கு முன் எண்ணெய் பார்ப்பார், தண்ணீர் பார்ப்பார், டயரில் காற்றைக் காலால் உதைத்துப் பார்ப்பார். ஆனால் பென்ஸில் போல்ட்டுகள் வெளியே தெரியாது. வீல் கப் மூடியிருக்கும். மூடிவிட்டால் முடுக்கிய சக்கரமும் முடுக்காத சக்கரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். படுக்கையில் ஞாபகம் வந்து எழுந்திருந்தால்? வந்திருந்தாலும் வீல் ஸ்பேனர் சாமியிடம் இருக்கிறது. நங்கை ஒன்பது மணிக்கு முன்னால் தொடவிட மாட்டார். அண்ணன் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரோ என்னவோ. கேட்பதற்கு முதலில் ஞாபகம் வர வேண்டும்.

ஊர் எண்களை அழுத்தினேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. தறி ஓடாத நாளில் அந்தப் போன் மணி தெருமுனை வரை கேட்கும். நங்கை கோயிலுக்குப் போயிருக்கலாம். அண்ணனே இன்னும் கிளம்பாமல் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு இருக்கலாம். வைத்துவிட்டு மறுபடியும் போட்டேன்.

"நாயுடு ஊட்டுக்குப் போடுங்கக்கா" என்றாள் குல்சும்.

"நம்பர் அண்ணங்கிட்டதான் இருக்கு."

அவள் பக்கத்து மேஜைப் போனை இழுத்து வைத்துக்கொண்டாள். "தம்பிய எழுப்பி அவினாசி ரோட்டுல நிக்கச் சொல்றேன். ஸ்கூட்டர் இருக்குது. வண்டி எப்படி இருக்கும்?"

"வெள்ளை பென்ஸ். மாலை போட்டிருக்கும்."

"இன்னிக்கு லாரிக்கும் மாலைதான் போட்டிருக்கும்."

"பென்ஸ் ஒண்ணுதான் வரும் குல்சும். மெதுவாத்தான் வரும்."

அவள் தம்பியிடம் கத்திப் பேச ஆரம்பித்தாள். எங்கே நிற்பது என்று அவன் கேட்டிருக்க வேண்டும். பீளமேட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைக் கேட்டாள். இந்தப் பக்கம், சோமனூர்ப் பக்கம் என்று கையைக் காட்டினேன். சிங்கப்பூர் அலுவலகத்தில் நான் காட்டிய கை எந்தத் திசைக்குப் போனதோ. என் காதில் வைத்திருந்த ரிசீவரில் அண்ணன் வீட்டு மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.