வெள்ளை ரெக்கார்டு அட்டையில் இரண்டு மயில்கள்

முரளி அட்டையைக் கையில் வாங்கியதும் உட்கார இடம் தேடினான். ஸ்டூலில் இருந்த தாள்கட்டை இறக்கிவிட்டு அவனை உட்கார வைத்தேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்றுதான் நினைத்தேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் கம்பாசிட்டராக இருந்தவன் நான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி சேர்ப்பது என் வேலை. இது நடந்தது எழுபதுகளின் நடுவில். முரளி பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் மகன், மெட்ராஸில் கல்லூரியில் படித்தான். மூன்று நாள் முன்பு ஓர் இசைத்தட்டின் வெள்ளை அட்டை உறையையும், ஆறு ஆங்கிலப் பாட்டுகளின் பெயர் எழுதிய தாளையும் கொண்டு வந்தான்.

“இந்தப் பேருங்கள அழகா அச்சடிச்சுக் குடுங்கண்ணா. அளவுக்கு அட்டைய வெச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனான்.

உள்ளே செருகுவதற்கு ஒரு துண்டுத் தாள்தான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருவர் வெள்ளை அட்டையை விட்டுவிட்டுப் போனால் அதில் அச்சடிக்கத்தான் என்பது எங்கள் தொழில் புத்தி.

வேலை என்னவோ சுத்தமாகத்தான் வந்தது. ட்ரெடில் அச்சு இயந்திரத்தில் அடியில் கொடுக்கும் பேக்கிங் தாளைக் குறைத்து, தடித்த அட்டை நசுங்காமல் ஓட்டினேன். நாலு பக்கமும் கொடி பார்டர். ஈர மையின் மேல் தங்கப் பவுடர் தூவினேன். முன்பக்கம் ஊதா மையில் கோணலாக ஒரு ரப்பர் ஸ்டாம்பு குத்தியிருந்தது. அது கறை மாதிரி தெரிந்ததால், அதன் மேலேயே ஜோடி மயில் பிளாக்கை இறக்கினேன். பிள்ளையாரையும் வைத்திருப்பேன், மேல்நாட்டுப் பாட்டு ஆயிற்றே என்று விட்டுவிட்டேன். முதலாளி தன் வழக்கப்படி நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார்.

முரளிக்குக் கடைசியில் பேச்சு வந்தது.

“இன்னாண்ணா இது, இப்படிப் பண்ணி வெச்சிட்டீங்க?”

வெள்ளைதான் அடையாளம்

முரளி சொன்ன பிறகுதான் விஷயம் புரிந்தது. தட்டில் இருந்தது ஹார்ட் ராக் என்று இந்தப் பிள்ளைகள் சொல்லும் இரைச்சல் கச்சேரி. கம்பெனி போடும் இசைத்தட்டு கடையில் கிடைக்கும். தீர்ந்தால் புது அட்டையோடு மறுபடி போடுவார்கள். இது அப்படி வந்ததில்லை. வெளிநாட்டில் ஒரு நாள் நடந்த கச்சேரியைக் கூட்டத்தில் ஒருவன் யாருக்கும் தெரியாமல் பதிவு செய்து, கொஞ்சம் தட்டுகள் மட்டும் போட்டிருக்கிறான். அட்டைக்குச் செலவழிக்காமல் ரப்பர் ஸ்டாம்பு குத்தி விட்டிருக்கிறான். அந்த வெற்று அட்டையும் கோணல் ஸ்டாம்பும்தான் அசல் என்பதற்கு அடையாளம்.

தட்டு முரளியுடையதும் இல்லை. மெட்ராஸில் சட்டம் படித்துக்கொண்டிருந்த கிருபாகரனுடையது. கப்பலில் வேலை பார்த்த மாமா அவருக்குக் கொண்டுவந்தது. ஞாயிறுதோறும் அவர் அறையில் நாலைந்து பேர் கூடிக் கேட்பார்கள். அந்தக் கூட்டத்தில் முரளிக்கு இடம் கிடைத்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் தடவையாக நம்பித் தட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

“அட்டதானேபா? நாம பண்ணாத அட்டையா? வெள்ளையா ஒண்ணு ஒட்டிக் குடுத்துடு” என்றார் முதலாளி.

முரளி என் முகத்தைப் பார்த்தான். நான் சரி என்றேன்.

மயில் அட்டையின் பின்பக்கத்தில் அதே ஸ்டாம்பு இன்னொன்று இருந்தது. ரப்பர் ஸ்டாம்பும் நாங்களே செய்வதுண்டு. எழுத்துகளைத் தேடிச் சேர்த்தேன். அசலில் ஓர் எழுத்தின் கால் உடைந்திருந்தது. என் எழுத்தையும் அரத்தால் அராவி உடைத்தேன். ஊதா மையில் கொஞ்சம் தண்ணீர் கலந்தேன். ஓரங்களைத் தரையில் தேய்த்துப் பழசாக்கினேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது முதலாளியாலேயே ஸ்டாம்பில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அன்று குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை. பெருமையாக இருந்தது.

ஒரு மாதம்

கிருபாகரன் தட்டை வாங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார், ஒன்றும் தெரியவில்லை என்று முரளி வந்து சொன்னான். விஷயம் முடிந்தது என்று நானும் மறந்துவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி வந்தான். முகம் வாடியிருந்தது.

“அண்ணா, கிருபாண்ணா அந்த ரெக்கார்ட ஜெர்மனிக்கு அனுப்பப் போறாரு. அங்க ஒருத்தர் இதே மாதிரி அபூர்வமா வேற ஒண்ணு வெச்சிருக்கிறாராம். மாத்திக்கப் போறாங்க.”

“அதுக்கு இன்னா?”

“அவரு இதுலயே ஊறினவரு. அட்ட போலின்னு கண்டுபிடிச்சிட்டாருன்னா? கிருபாண்ணாவத்தான் திருடன்னு சொல்லுவாரு. கிருபாண்ணாவுக்கு ஒண்ணுமே தெரியாது.”

முதலாளி வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொன்னார். “வேலியில போற ஓணான எடுத்து மடியில கட்டிக்காதபா” என்றார். ஓணான் மடிக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மயில் அட்டையைத் தாளில் சுற்றிக்கொண்டு முரளியோடு மெட்ராஸ் பஸ் ஏறினேன்.

திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷன் அறை. கிருபாகரன் என்னைவிட இளையவர். நான் கொண்டுபோனதைக் கட்டிலில் வைத்து, அலமாரியில் இருக்கும் அட்டையையும் எடுக்கச் சொன்னேன். எடுத்தார். தட்டும் ஜெர்மனிக்கு எழுதிய கடிதமும் அதற்குள் தயாராக இருந்தன. நடந்ததை முதலிலிருந்து நானே சொன்னேன். முரளி தலையைத் தூக்கவே இல்லை.

அவர் மயில்களைப் பார்த்தார். மஞ்சள் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்தார். பிறகு முரளியிடம் கேட்டார்.

“உனக்கு இது எப்பத் தெரியும்?”

“அன்னிக்கேண்ணா.”

“அப்புறம் நாலு ஞாயித்துக்கெழம இங்க வந்து, என் பக்கத்துல உக்காந்து கேட்டுக்கினு இருந்தியே.”

முரளி அழுதான். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

கிருபாகரன் என் பக்கம் திரும்பினார். மயில் அட்டையைத் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படித்தார். எங்கள் அச்சகத்தின் பெயரும் ஊரும். கல்யாணப் பத்திரிகை அடியில் போடுகிற பழக்கத்தில் அதிலும் போட்டிருந்தேன். வெள்ளை அட்டையைத் திருப்பி அதே இடத்தைப் பார்த்தார்.

“கெடுத்ததுல உங்க பேரு இருக்குது. இத்தனை நல்லா பண்ணதுல ஏன் போடல?”

அந்தப் போலி அட்டையை இங்கேயே கிழித்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்று பேனாவை நீட்டினார். அதன் அடியில், இது காஞ்சிபுரத்தில் நான் செய்த நகல் என்று எழுதிப் பெயரைப் போட்டேன். எத்தனையோ பேருடைய பெயரை வரி சேர்த்திருக்கிறேன், என் பெயரை எழுத அவ்வளவு நேரம் ஆனது அன்றுதான்.

தட்டை மயில் அட்டையில் போட்டு, நடந்ததை எழுதி, வேண்டுமா என்று ஜெர்மனிக்காரரிடம் கேட்டார். வேண்டாம் என்று பதில் வந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். முரளியை ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த அறைக்கு யாரும் கூப்பிடவில்லை. அவன் என்னைக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். அது இன்றும் என்னை உறுத்துகிறது.

அச்சுத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். தப்பாக அச்சடிப்பது எல்லோருக்கும் நடக்கும். வாங்கினவரிடம் போய்ச் சொல்லிவிட்டு வேறு அடித்துக் கொடுக்கலாம். பழையதை அப்படியே மறுபடி அடித்துத் தரச் சொல்லியும் கேட்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள், அடியில் மறுபதிப்பு என்றும் அச்சகத்தின் பெயரையும் போடுங்கள். பெயர் வேண்டாம் என்று யாராவது சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கேட்க வாய் வரவில்லை என்றால் அந்த வேலையை எடுக்காதீர்கள். நான் கேட்காமல் எடுத்தேன். முரளிக்கு அந்த அறையில் உட்கார இடம் இல்லாமல் போயிற்று.