தறி நிற்கும் நாளுக்காகக் காத்திருந்த சாமுவேல்

பெருமாள்சாமி போன் செய்தால் அவர் குரலுக்கு முன்னால் தறிச் சத்தம் வந்துவிடும். ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டுத்துணி நெய்யும் தறிக்கூடம் வைத்திருப்பவர் அவர். என் நண்பன் சாமுவேலின் வீட்டுக்கும் அந்தக் கூடத்துக்கும் நடுவில் ஒரே சுவர்தான். மார்கழி நடுவில் ஒரு காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் என் போட்டோ ஸ்டூடியோவின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது அவர் கூப்பிட்டார். போனில் தறிச் சத்தம் இல்லை.

"என்ன பெருமாள்சாமி, கரண்ட் இல்லையா?" என்று கேட்டேன்.

"கரண்ட் இருக்குண்ணே. தறிய நிப்பாட்டச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு சொன்னார்: "அன்னய்யா போயிட்டாருண்ணே."

பெருமாள்சாமி வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சாமுவேலை அன்னய்யா, அதாவது அண்ணா, என்றுதான் அழைப்பார். அந்தத் தெருவில் ஒரு சாவு விழுந்தால் எடுக்கும்வரை தறி ஓடாது. எனக்கும் அது தெரியும். அப்படியும் அவர் வாயால் சொல்லக் கேட்கும்வரை என் மண்டையில் ஏறவில்லை. நெஞ்சு வலிக்கிறது என்று விடியும்போது எழுந்து உட்கார்ந்தவன், ஆட்டோ வருவதற்குள் போய்விட்டானாம்.

சாமுவேலை, நம்ம ஊர்க்காரர்களான உங்களில் பலர் மேடையில் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேர், அவன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் கிணற்று மோட்டாரைக் கொடுத்துவிட்டு அவனோடு சண்டை போட்டபடி காத்திருந்திருப்பீர்கள். எங்கள் மெல்லிசைக் குழுவில் அவன் லீட் கிட்டார், நான் ரிதம். அதாவது பாட்டு நடக்க வழி போட்டுக் கொடுப்பது நான், அந்த வழியில் பவனி போவது அவன். அவன், இவன் என்றே எழுதுகிறேன். 'அவர்' என்று எழுதினால் குழிக்குள்ளிருந்தே சிரிப்பான்.

திருவிழாக் கச்சேரியில் கிட்டாருக்கென்று ஆம்ப், அதாவது அதன் சத்தத்தைப் பெருக்கும் தனிப் பெட்டி கிடையாது. ஒயர் நேராக மிக்ஸருக்குப் போகும். மிக்ஸர் சவுண்டு சர்வீஸ்காரர் கையில் இருக்கும். பாடகர் குரல் தூக்கலாக இருக்க வேண்டும் என்று அவர் கிட்டாரை அமுக்கிவிடுவார். மிச்சம் மீதியைத் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் தின்றுவிடும். மகாராஜபுரத்தில் ஒரு பொங்கல் கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது சாமுவேல் சொன்னான்: "ஏலே மாரி, எம்புட்டு வருசமா வாசிக்கேன். என் சத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே தெரியாதுலே." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவன் மனதில் இருந்த சத்தம் எது என்று எனக்குத் தெரியும். நாங்கள் இளவட்டமாக இருந்தபோது, ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கேசட்டில் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்றில், யாரோ விட்டுப்போன வெளிநாட்டுக் கேசட்டைப் போட்டுக் கேட்டோம். அமெரிக்காவில் கடல் அலையின்மேல் பலகையில் சறுக்கி விளையாடுகிறவர்களுக்காக வாசித்த பழைய கிட்டார் இசை. பாடகரே கிடையாது. தடித்த தந்தியில் விறுவிறுவென்று இறங்கி வருவார்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னாலும் ஈரமான ஒரு எதிரொலி வழிந்துகொண்டு வரும். கடலுக்கும் எங்கள் ஊருக்கும் சம்பந்தமே இல்லை. மேற்கே மலை, மற்றபடி மில்லும் வயலும்தான். ஆனால் அன்றிலிருந்து அவனுக்கு அந்தப் பைத்தியம். பிறகு ஒருமுறை கடலோர ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாவுக்கு வாசிக்கப் போனோம். மறுநாள் காலை வேன் வரும்வரை பேண்டை மடித்துவிட்டு அலையில் நின்றான். "இந்தச் சத்தத்த ஒரு ஸ்பிரிங் டப்பாக்குள்ள போட்டு வச்சிருக்கான்லே ஒருத்தன்" என்றான்.

உண்மையில் அது ஸ்பிரிங்தான். ஒரு தகர டப்பாவுக்குள் நீள ஸ்பிரிங்குகளைத் தொங்கவிட்டிருப்பார்கள். கிட்டார் சத்தம் அதன் வழியாக ஓடி, நடுங்கி, பின்தங்கி வெளியே வரும். போன வருடம் அவன் மகள் நிர்மலா, பெங்களூரில் வேலை பார்ப்பவள், "அப்பா, உங்களுக்கு ஒரு ஆம்ப் வாங்கித் தாரேன், எது வேணும்னு சொல்லுங்க" என்று ஆரம்பித்து வைத்தாள். கடையில் செய்தது வேண்டாம், பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது வேண்டும், சாமான்களை அனுப்பினால் நானே பூட்டிக்கொள்வேன் என்றான். அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் வேறு எதையும் பேசினோமா என்று ஞாபகமில்லை.

நான் சின்னதாக ஒன்றைப் பார்த்து வைத்தேன். ஒற்றை வால்வு, வேலை குறைவு, வீட்டுக்குப் போதும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. "சின்னது மூச்சு முட்டிரும்லே. கொஞ்சம் ஏத்தினா கரகரன்னு கத்தும். நமக்கு எம்புட்டு ஏத்தினாலும் கிளீனா வரணும். தண்ணி மாதிரி." சரி, பெரியதாக, ஸ்பிரிங்கும் உள்ளேயே வைத்த ஒன்றை எடுப்போம் என்றேன். அதுவும் ஆகாது. ஸ்பிரிங் தனிப் பெட்டியாக ஆம்புக்கு முன்னால் நிற்க வேண்டுமாம். கிட்டார் முதலில் அதில் நனைந்து, பிறகு ஆம்புக்குள் போக வேண்டுமாம். "அப்பத்தான் சத்தம் சொட்டும்" என்றான். எனக்குப் பொறுமை கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். "உனக்குச் சொட்டணும்னா குழாயத் திறந்து விடு" என்று கத்திவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பெட்டிக்கும் ஆர்டர் போட்டாயிற்று என்று போன் செய்தான். டிரான்ஸ்பார்மர் நம்ம ஊர்க் கரண்டுக்கு ஏற்றதாக அனுப்ப வேண்டும் என்று மகளை விட்டுக் கம்பெனிக்குத் திரும்பத் திரும்ப எழுத வைத்திருக்கிறான்.

சாமான்கள் வந்து சேர்ந்ததும், கடையைச் சாத்திவிட்டு வந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஈயம் வைத்துக் கட்டினான். தீபாவளி கழிந்து வேலை முடிந்தது. நான் போய் உட்கார்ந்தேன். அவன் மனைவி எஸ்தர் டீ கொண்டுவந்தாள். வால்வு சூடேறி மஞ்சளாக எரிய ஆரம்பித்தது. கிட்டாரைத் தொடவே இல்லை, அதற்குள் பெட்டியிலிருந்து ஒரு கடகடப்பு. வயிற்றுக்குள் உருளுகிற மாதிரி, நிற்காமல். சாமுவேல் ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தான். வால்வைக் கழற்றி மாட்டினான். எனக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் எஸ்தர்தான், "அது நம்ம தறில்லா?" என்றாள்.

தறியேதான். சுவர் வழியாகவும் தரை வழியாகவும் வந்த அதிர்வு ஸ்பிரிங்கைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. ஊரில் உள்ள ஆம்ப் எல்லாவற்றையும் அலசினோம், எந்த வால்வு, எந்த ஸ்பீக்கர் என்று அடித்துக்கொண்டோம். பக்கத்தில் தறி ஓடுகிறது என்பது இருவருக்கும் தோன்றவே இல்லை. அந்தத் தெருவில் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் காதில் விழாது. அவர்களுக்கு அதுதான் அமைதி. அங்கேயே பாதி நாள் கிடந்த எனக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது.

அவன் தளரவில்லை. ஸ்பிரிங் டப்பாவை மட்டும் வெளியே எடுத்தான். தனிப் பெட்டியாக வாங்கியதால் அது முடிந்தது, அதையும் என்னிடம் சொல்லிக் காட்டினான். பெருமாள்சாமியிடம் கட்டுத்துணி வாங்கிவந்து, நிர்மலா குழந்தையாக இருந்தபோது தொட்டில் கட்டிய அதே உத்தர வளையத்தில் தொட்டில் கட்டி, டப்பாவை அதில் படுக்க வைத்தான். கடகடப்பு பெரிதும் அடங்கியது. ஆனாலும் சுவருக்கு அந்தப் பக்கச் சத்தம் காதுக்கு வந்துகொண்டுதானே இருக்கும்? இத்தனை நாள் கேட்காத தறி இப்போது அவனுக்கு ஓயாமல் கேட்டது. ஸ்பிரிங்கின் வால், அதாவது எதிரொலி தேய்ந்து தேய்ந்து முடிகிற இடம், அந்த இரைச்சலில் காணாமல் போனது. அவனுக்கு வேண்டியதே அந்த வால்தான். கரண்ட் போனால் தறி நிற்கும், பெட்டியும் நிற்கும். ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பாதித் தறி ஓடும்.

"செத்த நேரம் நிப்பாட்டுதேன் அன்னய்யா, வாசிங்க" என்று பெருமாள்சாமி வந்து சொன்னார்.

"வேண்டாம்ப்பா. நான் பாட்டு வாசிக்க உன் ஆளுக கூலி போகணுமா?" என்றான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தெருவில் தறி கிடையாது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே வா என்று நான் கூப்பிட்டேன். அதற்கும் தலையாட்டவில்லை. "ஊரூராப் போயி அடுத்தவன் பெட்டியிலதான் வாசிச்சேன். இத என் வீட்டுல இருந்து கேக்கணும்லே. பொங்கல் வருதுல்லா? அம்புட்டுத் தறியும் நிக்கும். அன்னைக்கு வா."

அதுதான் பாக்கி இருந்தது. பொங்கல்.

பெருமாள்சாமியின் போன் வந்த அன்று நான் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது கால் தயங்கியது. அப்படி ஒரு அமைதியில் அந்தத் தெருவை நான் பார்த்ததில்லை. வாசலில் ஷாமியானா போட்டிருந்தார்கள். முன்னறையில் வெள்ளைச் சட்டையில் அவனைப் படுக்க வைத்திருந்தார்கள். நிர்மலா வழியில் இருந்தாள், அவள் வந்த பிறகுதான் அடக்கம். நான் அவன் கால்மாட்டில் நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கக் கூடாதா என்று.

எஸ்தர் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். "தறி நின்னுருக்குண்ணே" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"பொங்கலுக்கு, பொங்கலுக்குன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாவ. இப்ப நின்னுருக்குண்ணே. அந்தப் பெட்டியப் போடுங்க. அவிய கேக்கட்டும்."

உறவுக்காரர் ஒருவர், "இழவு வீட்டுல என்னம்மா இது?" என்று முனகினார். எஸ்தர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற பெருமாள்சாமி, "போடுங்கண்ணே" என்றார். அவருக்குப் பின்னால் தறி ஓட்டுகிறவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

உள்ளறைக்குப் போய் சுவிட்சைப் போட்டேன். வால்வு சூடேறும்வரை காத்திருக்க வேண்டும். தொட்டில் அசையாமல் தொங்கியது. அவன் கிட்டாரை எடுத்தேன், சுருதி கலையாமல் இருந்தது. அவன் வாசிப்பது எனக்கு வராது. நான் ரிதம் ஆள். அதனால் தடித்த தந்தியை ஒரே ஒரு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

சொட்டியது. அவன் சொன்ன அதே சொல்தான், எனக்கு வேறு சொல் தெரியவில்லை. சத்தம் விழுந்து, தெறித்து, அலை பின்வாங்குவது போல மெல்ல மெல்ல விலகிப் போனது. எங்கே முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. முன்னறையில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தியிருந்தார்கள். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன்.

அடக்கம் முடிந்ததும் தறியைப் போட்டிருக்கலாம். பெருமாள்சாமி அன்று முழுக்கப் போடவில்லை. மறுநாள் புறப்படும்போது, பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள் எஸ்தர். மாட்டேன் என்றேன். அது அந்த வீட்டில் இருந்து கேட்பதற்காகக் கட்டியது. தொட்டிலும் அப்படியே தொங்கட்டும் என்றேன். "அப்ப பொங்கலுக்கு வாங்கண்ணே" என்றாள்.

இதை எழுதும்போது பொங்கலுக்கு இன்னும் சில நாள் இருக்கிறது. அந்தக் கேசட்டில் கேட்ட மெட்டை, அவன் விரலில் பார்த்த ஞாபகத்தில் வாசித்துப் பழகுகிறேன். தலை நரைத்த பிறகு லீட் கற்றுக்கொள்கிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விரல் நுனி கொப்பளித்துவிட்டது. இறங்கும் இடத்தில் தடுக்கி விழுகிறேன், ஸ்டூடியோவுக்குப் படம் எடுக்க வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். சாமுவேலிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது இந்த வேலையைத்தான். பொங்கலன்று காலையில் தெருவில் அம்புட்டுத் தறியும் நிற்கும். அவன் வீட்டில், அவன் கட்டிய பெட்டியில் அந்த மெட்டு முழுசாகக் கேட்க வேண்டும். தப்பாக வாசித்தால் "ஏலே மாரி" என்று திட்டுவதற்குத்தான் ஆள் இல்லை.