லிஃப்ட்காரர் வீட்டுக் கம்ப்யூட்டர்

என் வீட்டுக்காரருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கதவு முழுதாக மூடாவிட்டால் லிஃப்ட் ஓர் அங்குலம்கூட நகரக்கூடாது என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படியோ தோன்றிவிட்டது. ஊர் உலகமெல்லாம் வைத்திருக்கிற விண்டோஸ் ஆகாது. சரி, விவரம் தெரிந்தவர்கள் சொல்கிற லினக்ஸ்? அதுவும் ஆகாது. யூனிக்ஸ் குடும்பத்தில் லினக்ஸுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையில் ஏதோ ஒரு சிஸ்டம் இருக்கிறதாம். எங்கள் பக்கத்தில் அதற்கு இவர் ஒருவர்தான் ஆள். "நாம சொல்லாம அது எதையும் செய்யாது" என்பார், நல்ல மருமகன் கிடைத்த மாமனார் மாதிரி.

செய்யாது என்பது உண்மைதான். வைஃபை பிடிக்காது, அதனால் கூடத்திலிருந்து படுக்கையறை வரை தரையில் ஒரு நீல ஒயர். வருகிறவர்களை "வாங்க" என்பதற்கு முன்னால் "ஒயரு, பாத்து" என்று சொல்லப் பழகிவிட்டேன். ஆசையாக வாங்கிய பிரின்டர் இன்னும் பெட்டிக்குள்ளேயே தூங்குகிறது. லீவு நாளென்றால் மனிதர் வாசலைத் தாண்டமாட்டார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுவதைப் பார்த்தபடி டீயை ஆறவிடுவார். நானும் சண்டை போட்டுப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். இரண்டுக்கும் ஒரே தலையாட்டல். "குடியா, கூத்தா? கம்ப்யூட்டர்தானே, விடுடி" என்றாள் அக்கா. விட்டுவிட்டேன்.

நான் துணிக்கடையில் துணி எடுத்துக் காட்டுகிறவள். கடையில் ஈ காக்கா இல்லாத நேரத்திலும் உட்காரக்கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். சாயங்காலம் வீங்கின காலில் செருப்பு ஏறாது. இப்படி இருக்கையில்தான் ஒரு மருத்துவமனையில் ஆள் எடுத்தார்கள். நோயாளிகளின் போனுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்லும் வேலை. உட்கார்ந்துகொண்டே சம்பளம்! ஆனால் சொந்தக் கம்ப்யூட்டர் வேண்டும். நேர்காணலும் அதிலேயே, வீடியோவில்.

"அக்கா வீட்டு லேப்டாப்பை வாங்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "ஏன், நம்ம வீட்ல கம்ப்யூட்டர் இல்லையா?"

பாவமாக இருந்தது. அன்று முழுக்க உட்கார்ந்து கேமராவைச் சரிபார்த்தார். திரையில் என் முகம் தெரிந்தது. ஒரு பாட்டைப் போட்டார், கணீரென்று வந்தது. "கண்ணும் தெரியுது, காதும் கேக்குது. நீ கவலப்படாத" என்றார்.

மறுநாள் காலையில் திரையில் ஓர் அதிகாரி அம்மா வந்தார். நான் வணக்கம் சொன்னேன்.

"மேடம், உங்க குரல் வரலையே."

சத்தமாகச் சொன்னேன். பிறகு கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலில் எட்டிப்பார்த்தார். ஊருக்கே கேட்டது, அந்த அம்மாவுக்கு மட்டும் கேட்கவில்லை. இவர் மைக் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினார். நான் ஒரு தாளில் "நாளைக்கு வரலாமா?" என்று எழுதிக் கேமரா முன்னால் காட்டினேன்.

"மன்னிச்சுக்கோங்க மேடம். இன்னிக்கே முடிவு பண்ணணும். குரலை நம்பித்தான் இந்த வேலையே. அடுத்தவங்க காத்திருக்காங்க."

திரை அணைந்தது. இவர் என்னை எழுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து எதையெதையோ தட்டினார். நான் பின்னால் நின்றேன். திடீரென்று அவர் முகம் மலர்ந்தது.

"பழுதே இல்ல! யாரும் ஒட்டுக்கேக்கக் கூடாதுன்னு மைக்கை இது தானாவே மூடி வெச்சிருக்கும். நாம ஒரு வரி அடிச்சாத்தான் திறக்கும். கேமராவுக்கு அடிச்சேன், இதுக்கு..." சொல்லச் சொல்லவே குரல் இறங்கியது. "இதுக்கு மறந்துட்டேன்."

எனக்குக் கோபம்கூட வரவில்லை. அலுப்பாக இருந்தது, அவ்வளவுதான். அவர் அந்த ஒரு வரியை அடித்தார்.

"இப்ப ஏதாவது பேசு."

என்ன பேச? வாயில் வந்ததைச் சொன்னேன். "கால் வலிக்குதுங்க."

பதிவானதைப் போட்டார். அந்தச் சின்ன ஸ்பீக்கரிலிருந்து என் குரல் தெளிவாக வந்தது: கால் வலிக்குதுங்க. இதே அறையில் இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். இப்போதுதான் அவர் திரும்பி என் காலைப் பார்த்தார். எழுந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காரு."

கடைக்கு நேரமாகியிருந்தது. ஒயரைத் தாண்டி வெளியே வந்தேன்.