எஞ்சினுக்கு வைத்த பொட்டு

இரண்டு வருடத்துக்கு முன், தீபாவளி நெருங்கும் நேரம். கிள்ளான் மேருவில் எங்கள் வீட்டு கார் நிறுத்துமிடத்தில் நடந்தது இது.

என் பழைய கார் சில நாளாகத் திக்கித் திணறி ஓடியது. பிளக் கேபிள் நான்கும் போய்விட்டன, வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார் பட்டறைக்காரர். பிரசவத்துக்கு வந்த தங்கையை வீட்டில் வைத்துக்கொண்டு வண்டியை எப்படி விடுவது? புதுக் கேபிள் வாங்கிவந்து, வீடியோ பார்த்து நானே மாற்ற இறங்கினேன். ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள் என்று வீடியோவில் சொன்னார்கள். யார் கேட்டது? எனக்கு எல்லாமே மொத்தமாக முடிய வேண்டும். நான்கையும் பிடுங்கித் தரையில் போட்டேன்.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து தங்கை கூப்பிட்டாள். பனிக்குடம் உடைந்திருந்தது. குறித்துக் கொடுத்த நாளுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் கணவருக்குத் தொலைவில், ஜொகூரில் வேலை. என் கணவர் ஷா ஆலம் தொழிற்சாலையில். அங்கே உள்ளே கைப்பேசி கொண்டுபோக முடியாது. வெளியே அடைமழை, கிராப் டாக்சி ஒன்றும் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, வர நேரமாகும் என்றார்கள். அக்கம்பக்கத்தில் ஒரு காரும் இல்லை.

மறுபடி காரிடமே ஓடினேன். கேபிளின் ஒரு முனை பிளக்கில், மறுமுனை மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் மூடியில். எந்தக் கேபிள் எந்த ஓட்டை? வரிசை மாறினால் வண்டி ஓடாது. குத்துமதிப்பாக மாட்டிச் சாவியைத் திருப்பினேன். டப்பென்று வெடித்து, குலுங்கி அடங்கியது. மாற்றி மாட்டினேன், அதுவும் இல்லை. அவசரத்தில் அண்டாவில்கூடக் கை நுழையாது என்பது சும்மாவா? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் இவள் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று அழுகையே வந்துவிட்டது.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். எது எங்கே இருந்தது என்றே தெரியவில்லை என்று அவளிடம் கத்தினேன். வலி ஒன்று வந்து போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆயுத பூஜை போட்டோ இருக்கு லா, அக்கா. பானெட்ட தொறந்து எடுத்தேன்ல, அதுல பாரு."

அந்தப் பூஜைக்கு அவள் என் காரின் டயர், ஸ்டீயரிங் எல்லாம் முடித்து, எஞ்சினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள். அப்படியே இதுக்கு ஒரு மாப்பிள்ளையும் பாரு என்று நான் கேலி செய்ததில் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

படத்தில் அந்த மூடியின் நடுவிலேயே பொட்டு. அதைச் சுற்றி நான்கு கேபிளும் எங்கெங்கே போகின்றன என்று தெளிவாகத் தெரிந்தது. அவள் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். நான் ஒவ்வொன்றாக அழுத்தி மாட்டினேன். சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரே சீராக ஓடியது. அப்படியே காரைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல் இருந்தது, நேரமில்லை.

மருத்துவமனையில் அவளை உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் சிக்கலாகியிருக்கும் என்றார் டாக்டர்.

எனக்குப் பக்தி கூடிவிட்டதா என்று கேட்டால் தெரியாது. ஆனால் மற்றவர்கள் ஆசையாகச் செய்வதைப் பார்த்துச் சிரிக்கிற பழக்கம் அன்றோடு போய்விட்டது. இந்த வருடம் அந்தக் குட்டியின் விரலைப் பிடித்து எஞ்சினுக்குத் தங்கை பொட்டு வைத்தபோது, பானெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான்.