எலுமிச்சம்பழம் தின்ற ஷட்டர்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் அம்பத்தூரில் லாரி ஷெட் கட்டினேன், பட்டாபிராமில் இரண்டு வீடு எழுப்பினேன். ஒருத்தரும் ஒரு செங்கல் கொடுக்கவில்லை.

அப்படிப்பட்ட என்னை, ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, என் ஷெட்டின் ஷட்டரே தெருவில் நிற்க வைத்தது. ஏறவே மாட்டேன் என்றது. உள்ளே சரக்கேற்றிய லாரி. மதியத்துக்குள் ஆவடி போகாவிட்டால் காண்டிராக்ட் வேறொருவனுக்கு.

பாரிவாக்கத்திலிருந்து ஷட்டர் ரிப்பேர்காரர் சைக்கிளில் வந்தார். மூட்டை மாதிரி உடம்பு, காதில் பீடி. ஸ்பேனரைத் தொடவில்லை. ஷட்டரில் முதுகை வைத்து எருமை போல உரசினார். எங்கே சிக்கியிருக்கிறது என்று முதுகுதான் சொல்லுமாம். பிறகு ஓரத் தடத்தில் கம்பியை விட்டு, பூஜையன்று திருஷ்டிக்காக நான் சொருகிய எலுமிச்சம்பழத்தைக் கூழாக வெளியே இழுத்தார்.

"இன்னா நைனா, ஷட்டருக்கு ஊறுகா போட்டுகீறியா?"

"சாமி காரியம்யா, நக்கல் பண்ணாதே."

"அப்போ சாமியையே வந்து தூக்கச் சொல்லு. இல்லாங்காட்டி நீ வந்து தோள் குடு."

கொடுத்தேன். ஷட்டர் ஏறியது. லாரி நேரத்துக்குப் போனது, காண்டிராக்டும் தங்கியது. அப்படியொரு விஷயம் தெரிந்த முதுகை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.

ஆனால் வேடிக்கை பார்த்த லோடு ஆட்கள், ஷட்டரைத் தூக்கியது அவர்தான் என்று இன்னமும் சொல்லித் திரிகிறார்கள். பாதி பாரம் என் தோளில் இருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லட்டும்.