தாடையில் வைத்த சாம்பல்

என் தங்கை தடுக்கி விழுந்தால் போதும், எலும்பு முறியும். அவளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஆரணியிலிருந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரே படத்தில் எலும்பெல்லாம் ஒரே வெள்ளை. "எலும்பு கல்லு மாதிரி கெட்டியா இருக்கும்மா, அதான் வளையாம உடையுது. ஆனா உள்ள ரத்த ஓட்டம் கம்மி, புண்ணு வந்தா ஆறாது. எங்களைக் கேட்காம பல்லு மட்டும் புடுங்கிடாதீங்க" என்றார் டாக்டர். பக்கத்தில் நின்று கேட்டவள் நான்.

1970களின் கடைசியில் அவளுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. எங்கள் பட்டுத் தறியில் நீளவாட்டு நூலான பாவு தீர்ந்துபோய், புதுப் பாவு நூலை இழை இழையாகப் பழையதோடு பிணைத்துக்கொண்டிருந்தோம். விரலைச் சாம்பலில் தொட்டு முறுக்கினால்தான் பட்டு வழுக்காது. ஆயிரக்கணக்கான இழை கிடக்கிறது, இவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பொறுமை மருந்துக்கும் கிடையாது.

"இன்னாடி பேஜாரு இது? வா, ஜல்தியா புடுங்கிகினு வந்துரலாம்."

"டாக்டரு வேணாம்னாரேக்கா."

"அது எந்தக் காலத்துலயோ சொன்னது. நட."

கடைத்தெருவில் பல் பிடுங்குகிறவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வீட்டுக்கு வந்தும் ரத்தம் நிற்கவில்லை. தறியண்டை கிண்ணத்திலிருந்த சாம்பலை ஒரு சிட்டிகை எடுத்துக் குழியில் வைத்து அழுத்தினேன். இழை அறுத்து விரல் கிழிந்தால் நாங்கள் அதைத்தான் வைப்போம்.

பத்தே நாளில் தாடை வீங்கியது. பிறகு கன்னத்தில் ஓட்டை விழுந்து சீழ் வடிந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. துணியைக் கஞ்சியில் நனைத்து வாயில் பிழிந்துவிட்டேன். செத்துவிடுவாளோ என்று பயந்துபோனேன்.

மறுபடியும் வேலூர், அதே டாக்டர்.

"தாடை எலும்பு செத்துகிட்டே வருது. பாதியை வெட்டி எடுக்கணும். விட்டா உயிருக்கே ஆபத்து." குழியிலிருந்து எடுத்த, சாம்பல் அப்பிய கறுப்பு எலும்புத் துணுக்கைத் தட்டில் காட்டினார். "யாரு பல்லைப் புடுங்கச் சொன்னது? யாரு இந்தச் சாம்பலை வச்சது?"



திறக்க முடியாத வாயால் தங்கை சொன்னாள்: "நான்தான். அக்கா வேணாம்னுதான் சொல்லிச்சி."

அவர் அவளைத் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

பாதித் தாடையோடு அவள் பிழைத்து வந்தாள். முகம் ஏன் இப்படி என்று தெருவில் கேட்டவர்களுக்கும் அதையேதான் சொன்னாள். நான் ஒருநாளும் மறுத்ததில்லை.